பச்சைப் புடவைக்குப் பின்னால்

தம்பி, அந்தக் கண்ணாடி தூரப் பார்வைக்கா, கிட்டப் பார்வைக்கா? கோபித்துக்கொள்ளாதீர்கள், காரணத்தோடுதான் கேட்கிறேன். தூரத்துக்கா? திரையில் ஓடுகிற சின்ன எழுத்தெல்லாம் தெளிவாகத் தெரியும்தானே? அப்படியென்றால் நான் உங்கள் பக்கத்திலேயே உட்கார்ந்துகொள்கிறேன். இத்தனை நாற்காலி காலியாகக் கிடக்கும்போது இந்த அம்மா எதற்கு இங்கே வந்து ஒட்டுகிறாள் என்று நினைக்க வேண்டாம்.

படம் இப்போதைக்குப் போட மாட்டார்கள். வெளியே மேனேஜரிடம் சண்டை போட்டுவிட்டுத்தான் வருகிறேன். பத்துப் பேராவது சேர்ந்தால்தான் ஓட்டுவானாம். நாளைக்கு வேறு படம் மாற்றுகிறான், வாசலில் போஸ்டர்கூட ஒட்டிவிட்டான், பசை இன்னும் காயவில்லை. "நீ ஒருத்தி வந்து அழுவுறதுக்காக மெஷின ஓட்ட முடியுமாம்மா?" என்கிறான். நான் விடுவேனா? குறைகிற டிக்கெட்டை நான் எடுத்துக்கொள்கிறேன், ஆனால் எல்லாம் முன்வரிசை விலைக்குத்தான், பின்வரிசை விலை கேட்டால் இங்கேயே உட்கார்ந்துவிடுவேன் என்றேன். படிந்துவிட்டான். நான் பேசி எவன் படியாமல் போயிருக்கிறான்? ஆனாலும் கொஞ்சம் பார்க்கலாம், இன்னும் யாராவது வருவார்கள் என்று உட்கார்ந்திருக்கிறான். அதுவரைக்கும் நமக்கு நேரம் இருக்கிறது.

ஒரே ஒரு உதவி தம்பி. இந்தப் படம் ஆரம்பிப்பதே சாவு வீட்டில்தான். பெயர் போடப் போட, பின்னால் ஒப்பாரி. ஊர்ப் பெரியவர் ஒருத்தர் செத்துக் கிடப்பார். பச்சைப் புடவை கட்டின பொம்பளை ஒருத்தி தலைவிரி கோலமாக ஓடிவந்து காலில் விழுவாள். அது நான்தான். என்னைப் பார்க்காதீர்கள். எல்லாரும் என்னைத்தான் பார்க்கிறார்கள், அதுதான் தொல்லை. எனக்குப் பின்னால் பெஞ்சின்மேல் மாலை குவிந்து கிடக்கும், நடுவில் கையகலத்துக்கு வெள்ளைத் துணி தெரியும். அதுதான் நெஞ்சு. அது ஏறி இறங்குகிறதா இல்லையா, அவ்வளவுதான் நீங்கள் பார்த்துச் சொல்ல வேண்டியது.

நானே பார்க்கலாமே என்றுதானே நினைக்கிறீர்கள்? மெட்ராஸில் ஓடின வரைக்கும் பார்த்தேன், அங்கே படத்தைத் தூக்கின பிறகு காஞ்சிபுரம் போய்ப் பார்த்தேன், இப்போது இந்தத் திண்டிவனம். அந்த இடம் வந்தால் கண்ணை இருட்டிக்கொண்டு வந்துவிடுகிறது. திறந்து பார்த்தால் அடுத்த காட்சி.

அந்தப் பிணமாகப் படுத்திருக்கிறவர் எங்கள் வீட்டுக்காரர்.

இல்லை, நடிகர் இல்லை. அந்தப் பெரியவராக நடித்தவர் வேறு, பெரிய ஆள், நன்றாக இருக்கிறார். அவருக்கு டூப் எங்கள் வீட்டுக்காரர். பேர் வேதகிரி. என் பேர் பவுனம்மா. சாலிகிராமத்தில் வந்து பவுனு என்று கேட்டால் குழந்தையும் வீடு காட்டும். நாங்கள் இரண்டு பேருமே கூட்டத்தில் நிற்கிறவர்கள் தம்பி. கல்யாணக் காட்சி என்றால் பந்தியில் உட்கார்ந்து, வாயில் வைக்காமல் சோற்றைப் பிசைந்துகொண்டே இருப்போமே, அவர்கள். கலவரம் என்றால் ஓடுவோம், சாமி ஊர்வலம் என்றால் கன்னத்தில் போட்டுக்கொள்வோம்.

அவர் சாது. கொடுத்த இடத்தில் நிற்பார், கொடுத்ததைச் சாப்பிடுவார். நான் அப்படி இல்லை. எனக்கு அப்பன் வீட்டிலும் யாரும் எதையும் சும்மா கொடுத்ததில்லை. சாம்பார் சாதப் பொட்டலம் மட்டும் போட்டுக்கொண்டிருந்த கம்பெனியில் பொம்பளைகளுக்கு முட்டை வாங்கிக் கொடுத்தவள் நான். புடவை மாற்றத் தடுப்பு கேட்டு ஒரு நாள் பாதி ஷூட்டிங்கை நிறுத்தியிருக்கிறேன். ஆள் கூட்டி வருகிற ஏஜெண்டே "பவுனக்கா வருதா? அப்ப நான் அந்தப் பக்கம் நிக்கிறேன்" என்பான். நான் கேட்டு வாங்கிக் கொடுக்காமல் எங்கள் வீட்டுக்காரருக்கு எதுவும் கிடைத்ததில்லை, தம்பி. நிழலில் இடம்கூட.

அவருக்குக் கடவுள் கொடுத்தது ஒன்றே ஒன்றுதான், தூக்கம். எங்கே வேண்டுமானாலும் தூங்குவார். ஒரு தடவை போலீஸ்காரராக நிறுத்தியிருந்தார்கள். லத்தியை ஊன்றிக்கொண்டு நின்றபடியே தூங்கிவிட்டார். டைரக்டர் பார்த்துவிட்டு, எவ்வளவு இயல்பாக நிற்கிறார் பார், அவரைக் கொஞ்சம் முன்னால் கொண்டுவா என்றாராம். முன்னால் கொண்டுவர எழுப்பினார்கள். எழுப்பினவனுக்கு விறைப்பாக ஒரு சல்யூட் வைத்தார். அந்தப் படத்தில் அந்த சல்யூட் இருக்கிறது. வீட்டில் எத்தனை நாள் அதைச் சொல்லிச் சிரித்திருக்கிறோம்.

அந்த வாரம் அவருக்கு விடாமல் வேலை. கத்திரி வெயில் நேரம். மழை வருகிறதுக்கு முன்னால் எல்லாக் கம்பெனிக்காரனும் வெளிப்புறத்தை முடித்துவிடப் பார்ப்பான். பகலில் ஒரு கம்பெனி, ராத்திரி ஒரு கம்பெனி. ஒரு வேலை முடிந்தால் அடுத்ததுக்கு நடுவில் இவ்வளவு நேரம் விட வேண்டும் என்று சங்கத்தில் சட்டமெல்லாம் இருக்கிறது, சுவரில் அழகாக எழுதி மாட்டியிருக்கிறார்கள். இந்தக் கம்பெனிக்காரனுக்கு அந்தக் கம்பெனியில் யார் விழித்திருந்தான் என்பது எப்படித் தெரியும்? தெரிந்தாலும் எவன் கேட்பான்? ஆள் வந்தால் சரி. நாங்களும் வரமாட்டோம் என்று சொல்ல முடியாது. ஒரு தடவை சொன்னால் அடுத்த தடவை கூப்பிட மாட்டான். முந்தின ராத்திரி பூராவும் எங்கேயோ மழைக் காட்சியாம், லாரித் தண்ணீரைக் குழாயில் அடித்து நனையவிட்டிருக்கிறார்கள். விடிந்ததும் ஈரத் தலையோடு வந்தார். வாசலில் இந்தப் படத்து வேன் நிற்கிறது.

"பவுனு, இன்னிக்கி வேணாமே" என்றார்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. நான் என்ன அவ்வளவு தெரியாதவளா? இவர் தூங்கவில்லை என்பது எனக்குத் தெரியும். அதை யோசித்து முந்தின நாளே ஏற்பாடு பண்ணி வைத்திருந்தேன். "நீ ஒண்ணும் நிக்க வேணாம், ஓட வேணாம். படுத்துக் கெடக்கற வேலை. படுத்துத் தூங்கு, அதுக்குக் காசு. எவளாவது புருசனுக்கு இந்த மாதிரி வேலை பாத்துக் குடுப்பாளா?" என்றேன். சிரித்துவிட்டு வேனில் ஏறிவிட்டார்.

உங்களுக்குத் தெரியாது தம்பி, பிணமாகப் படுக்கிற வேலைக்கு எங்களுக்குள் அவ்வளவு போட்டி. மற்றவன் எல்லாம் வெயிலில் நிற்கும்போது ஒருத்தன் மட்டும் படுத்திருக்கலாமே. அந்த வேலை சுந்தரேசன் என்கிற ஒருத்தருக்குத்தான் சொல்லியிருந்தார்கள். பெரிய நடிகர் உயரத்துக்கு அவர்தான் சரி. நான் போய் புரொடக்‌ஷன் மேனேஜர் ஜெயபாலனைப் பிடித்தேன். சுந்தரேசனுக்குத் தொப்பை, படுத்தால் மாலைக்கு மேலே மலை மாதிரி தெரியும், எங்கள் வீட்டுக்காரருக்கு வயிறு ஒட்டிக் கிடக்கும், பிணம் மாதிரியே இருப்பார் என்றேன். ஜெயபாலன் சிரித்துவிட்டான். சரி என்றுவிட்டான். சுந்தரேசன் இப்போதெல்லாம் எதிரே வந்தால் வேறு தெருவில் திரும்பிவிடுகிறார். அன்றைக்கு வேலையைப் பிடுங்கினேன் என்று கோபம் போலிருக்கிறது.

உத்திரமேரூர் தாண்டி ஒரு கிராமம். வீட்டு வாசலில் தென்னங்கீற்றுப் பந்தல். வெளிச்சம் போதவில்லை என்று பிணம் இருக்கிற பக்கம் மட்டும் கீற்றைப் பிரித்துவிட்டார்கள். வெயில் நேராக இறங்குகிறது. போதாததுக்கு இரண்டு பக்கமும் வெள்ளி அட்டையைப் பிடித்து அதே வெயிலைத் திருப்பி அவர்மேல் அடிக்கிறார்கள்.

முதலில் பெரிய நடிகரைப் படுக்க வைத்து முகம் தெரிகிற ஷாட்டெல்லாம் எடுத்தார்கள். வெயில் ஏறுவதற்குள் அவரை விட்டுவிட்டார்கள். போவதற்கு முன்னால் சிரிக்கிற ஷாட் எடுத்தார்கள். அது என்னவென்றால், பிணமாகப் படுத்தவர் எழுந்து உட்கார்ந்து கேமராவைப் பார்த்துச் சிரிக்க வேண்டும். படத்தில் வராது. ஆனால் எடுத்தே ஆக வேண்டும். செத்தது பொய், நான் நன்றாக இருக்கிறேன் என்று அந்தக் கேமராவுக்கே காட்டிவிட வேண்டும். அது முடிந்து பூசணிக்காய் சுற்றி உடைத்தால்தான் வீட்டுக்குப் போகலாம். எல்லாக் கம்பெனியிலும் உண்டு. அவரும் சிரித்தார், கைதட்டினார்கள், காரில் ஏறிப் போய்விட்டார்.

அதே மாலையைக் கொண்டுவந்து எங்கள் வீட்டுக்காரர்மேல் போட்டார்கள். வாய்க்கட்டு, மூக்கில் பஞ்சு, நெற்றியில் காசு, கால் கட்டைவிரல் இரண்டையும் சேர்த்துக் கட்டு. பஞ்சை லேசாக வை என்று மேக்கப் டேவிட் அண்ணனிடம் சண்டை போட்டு நான்தான் பாதியை எடுக்க வைத்தேன். பிறகு ஜெயபாலனிடம் போனேன். பெரிய ஆளுக்கு மட்டும்தானா சிரிக்கிற ஷாட், நாள் பூராவும் படுக்கப் போகிறவர் எங்கள் ஆள், அவருக்கும் எடுக்க வேண்டும் என்றேன். டூப்புக்கெல்லாம் எவனும் எடுக்கிறதில்லை என்றான். எடுக்காவிட்டால் அழுகிறவர்கள் நாங்கள் எட்டுப் பேரும் அழ மாட்டோம் என்றேன். "சரி தாயே, கடைசி ஷாட் முடிஞ்சதும் எடுத்துடலாம்" என்றான். எங்கள் சரித்திரத்தில் டூப்புக்கு அந்த ஷாட் வாங்கினவள் நான் ஒருத்திதான்.

அவர் படுத்ததுமே தூங்கிவிட்டார். நான் பக்கத்தில் தலையை விரித்துப்போட்டு உட்கார்ந்திருக்கிறேன், எனக்குத் தெரியாதா? முதல் ஷாட்டில் மைக்கில் ஒருத்தன் கத்துகிறான், "பாடி மூச்சு விடுது, பாடி மூச்சு விடுது." எல்லாரும் சிரித்தார்கள். நான் குனிந்து, மெதுவாக விடு என்று காதில் சொன்னேன். அடுத்த ஷாட்டிலும் கத்தினான். அதற்கப்புறம் கத்தவே இல்லை. பழகிக்கொண்டார், தொழில் தெரிந்தவர் அல்லவா என்று நினைத்தேன். டைரக்டர்கூட பாடி அருமை என்றார்.

தண்ணீரா? எங்கே கொடுப்பது? வாய்க்கட்டை அவிழ்த்தால் மேக்கப் போகும். எழுந்து உட்கார்ந்தால் மாலை கலையும். எந்தப் பூ எங்கே இருந்தது என்று ஒருத்தன் ஃபோட்டோ எடுத்து வைத்துக்கொண்டு நிற்கிறான், ஒரு ஷாட்டுக்கும் அடுத்த ஷாட்டுக்கும் ஒரு இதழ் நகரக் கூடாது. ஆளை ஆட்டக் கூடாது என்பது அவர்கள் சட்டம். சாப்பாட்டு நேரத்திலும் அப்படியே கிடக்க வேண்டியதுதான் என்றார்கள். பாவிகள். அங்கே ஒரு காளை மாடு, படத்தில் செத்தவர் வளர்த்த மாடு, வந்து கையை நக்குகிற மாதிரி காட்சி. அதற்குத் தனிப் பந்தல், தொட்டியில் தண்ணீர், கூடவே ஒரு டாக்டர். மாட்டு டாக்டர். சட்டமாம், அவர் கையெழுத்துப் போட்டால்தான் படம் வெளியே வருமாம். வெயில் ஏறிவிட்டது, மாட்டை நிறுத்தக் கூடாது என்று அவர் ஒரு வார்த்தை சொன்னதும் மாட்டைக் கொண்டுபோய் நிழலில் கட்டினார்கள். எங்களுக்குத்தான் டாக்டர் இல்லை.

சாப்பாட்டுக்கு விட்டபோது டேவிட் அண்ணன் தொட்டு எழுப்ப வந்தார். இரண்டு வாய் தண்ணீராவது ஊற்றுகிறேன், அப்புறம் எவன் திட்டினாலும் திட்டிக்கொள்ளட்டும் என்றார். நல்ல மனுஷன். பவுடர் போடும்போது பார்த்தேன், இவருக்கு வேர்வையே இல்லை, துடைக்க வேண்டியதே இல்லை, ஆனால் உடம்பு கொதிக்கிறதே என்றார். வெயிலில் கிடந்தால் கொதிக்காதா? நான்தான் அவர் கையைப் பிடித்து நிறுத்தினேன்.

"அண்ணே, ராத்திரி பூரா கண்ணு மூடாத மனுசன். இப்பத்தான் அசந்திருக்காரு. உங்க கால்ல வேணாலும் விழறேன், எழுப்பாதீங்க" என்றேன்.

அவர் போய்விட்டார். அதோடு விட்டேனா? கண்ணில் வெளிச்சம் அடித்தால் விழித்துக்கொள்வார் என்று லைட்காரர்களிடம் போனேன். அவர்களிடம் கனமான கறுப்புத் துணி இருக்கும், வெளிச்சத்தை மறைக்க ஜன்னலில் கட்டுவார்கள். தர மாட்டேன் என்றான். அவன் அம்மா வரைக்கும் இழுத்துப் பேசிப் பிடுங்கிக்கொண்டு வந்தேன். மாலை கலையாமல், இரண்டு பக்கமும் நாற்காலி போட்டு அதன்மேலாக, தலையிலிருந்து கால் வரைக்கும் போர்த்திவிட்டேன். உள்ளே நல்ல இருட்டு. ஒரு ஈ நுழையாது. எல்லாரும் சாப்பிட்டு முடிக்கிற வரைக்கும் எங்கள் வீட்டுக்காரர் நிம்மதியாகத் தூங்கினார். அந்தக் கம்பெனிக்காரன் அவருக்காக ஒரு துரும்பைக் கிள்ளிப் போட்டானா, கேளுங்கள். நான் ஒருத்திதான் செய்தேன்.

அப்புறம்தான் அந்த ஷாட். எட்டுப் பேரில் யார் காலில் விழுவது என்றபோது நான்தான் என்று முன்னால் நின்றேன். முகம் தெரிகிற இடம், விட மனசு வரவில்லை. முதல் ஒத்திகையில் டைரக்டருக்குத் திருப்தி இல்லை. அழுகை மேலாக இருக்கிறது, உள்ளேயிருந்து வர வேண்டும், கிளிசரின் போட்டுக்கொள்கிறீர்களா என்றார். எனக்குக் கிளிசரினா? ஒரு நிமிஷம் கொடுங்கள் என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டேன். இவர் நிஜமாகவே போய்விட்டார், இனிமேல் எழுந்திருக்க மாட்டார் என்று நினைத்துக்கொண்டேன். அவ்வளவுதான் தம்பி. எங்கிருந்து வந்ததோ தெரியாது, அப்படி ஒரு அழுகை. ஓடிவந்து விழுந்தேன். கட் சொன்ன பிறகும் நிற்கவில்லை. சுற்றி நின்ற அத்தனை பேரும் கைதட்டினார்கள். ஒரே டேக். என் வாழ்க்கையில் எனக்குக் கைதட்டினது அன்றைக்கு ஒரு நாள்தான்.

அதற்குப் பிறகும் கூட்டத்தை வைத்து என்னென்னவோ எடுத்தார்கள். வெயில் சாய்ந்தது. பேக்கப் சொல்லப் போனவனைப் பிடித்து நிறுத்தினேன். எங்கள் ஷாட் எங்கே என்றேன். ஜெயபாலன் சலித்துக்கொண்டான், ஆனால் சொன்ன சொல் தவறவில்லை, அதைச் சொல்ல வேண்டும். கேமராவைத் திருப்பினார்கள். பூசணிக்காயில் கற்பூரம் ஏற்றிக்கொண்டு ஒருத்தன் நிற்கிறான். நான் வாய்க்கட்டை அவிழ்த்துவிட்டு நகர்ந்துகொண்டேன், நான் ஷாட்டில் வரக் கூடாதே என்று. ஸ்டார்ட் சொன்னார்கள்.

"வேதகிரிண்ணே, எந்திரிச்சு ஒரு சிரிப்பு சிரிங்க, வீட்டுக்குப் போவலாம்" என்றான் மைக்கில்.

எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்கிறோம். அசந்து தூங்குகிறார் பார் என்று ஒருத்தன் சிரித்தான். நானும் சிரித்தேன் தம்பி. இதை எத்தனை நாளைக்கு வீட்டில் சொல்லிச் சிரிக்கலாம் என்றுகூட நினைத்தேன். கற்பூரம் எரிந்து எரிந்து அவன் விரலைச் சுட்டுப் பூசணிக்காயைக் கீழே போட்டுவிட்டான். அப்போதுதான் அந்த மாட்டு டாக்டர் ஓடிவந்தார். கழுத்தைத் தொட்டார், கண்ணை விரித்துப் பார்த்தார். உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள் என்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

இப்போது கம்பெனி என்ன சொல்கிறது தெரியுமா? பேக்கப் ஆகி, வேலை முடிந்து, வேனில் ஏறின பிறகு நெஞ்சு வலி வந்ததாம். வேலை நேரத்தில் ஒன்றும் நடக்கவில்லையாம். அறுத்துப் பார்த்த டாக்டர் வெயில் தாக்கினது, உடம்பில் தண்ணீர் இல்லை என்று எழுதியிருக்கிறார். எத்தனை மணிக்கு என்று எழுதவில்லை. அந்தச் சிரிக்கிற ஷாட்டை அழித்துவிட்டார்கள். அன்றைக்கு இருந்தவர்கள் எல்லாரும் ஊரில்தான் இருக்கிறார்கள், ஒருத்தர் வாய் திறப்பதில்லை. அவர்களுக்கு அடுத்த படம் வேண்டுமே. மாட்டு டாக்டர் வீட்டுக்கும் போனேன். உட்கார வைத்துக் காபி கொடுத்தார். நான் மாட்டுக்குத்தான் டாக்டர் அம்மா, மனுஷனைப் பற்றி நான் சொன்னால் கோர்ட்டில் எடுபடாது என்றார். டேவிட் அண்ணன் மட்டும் சாட்சிக்கு வருகிறேன், சாப்பாட்டு நேரத்தில் நடந்ததை அப்படியே சொல்கிறேன் என்றார். வேண்டாம் என்றுவிட்டேன். அந்த மனுஷனுக்குப் பேசத் தெரியாது, எதையாவது உளறி வைப்பார்.

நஷ்டஈடு கேட்டுக் கேஸ் போட்டிருக்கிறேன், வக்கீலம்மாதான் இந்த வழியைச் சொன்னார். சின்ன வயசு, ஆனால் கெட்டிக்காரி. படமே சாட்சி, அதையே கோர்ட்டில் போட்டுக் காட்டச் சொல்லலாம், நெஞ்சு அசையாத ஷாட் ஒன்று இருந்து, அது வேலை நேரத்தில் எடுத்தது என்று நிரூபித்தால் அவன் பொய் உடைந்துவிடும், எது எப்போது எடுத்தது என்று உங்களுக்குத்தான் தெரியும், நீங்கள் பார்த்துக் குறித்துச் சொல்லுங்கள் என்றார். முதல் இரண்டு ஷாட்டும் படத்தில் இல்லை, மூச்சு விட்டார் என்று வெட்டிவிட்டார்கள். மற்ற ஷாட்டிலெல்லாம் அவர் நெஞ்சு தெரியவில்லை. மிச்சம் இருப்பது நான் காலில் விழுகிறது ஒன்றுதான். சாப்பாட்டுக்குப் பிறகு எடுத்தது. அதில் நெஞ்சு அசையவில்லை என்றால் கேஸ் நம் பக்கம். அதற்குத்தான் இந்த அலைச்சல். சும்மா அழுதுகொண்டு திரிகிறேன் என்று அந்த மேனேஜர் நினைக்கிறான்.

என் மகள் கோமதிக்கு இது பிடிக்கவில்லை. "அம்மா, கேஸ் வேணாம், ஒண்ணும் வேணாம், நீ அதப் பாக்காத" என்று அழுகிறாள். அவளுக்கு அப்பன்மேல் பாசம் அவ்வளவுதான்.

கண்ணாடி போட்டவர்களாகப் பார்த்துத்தான் கேட்கிறேன். மெட்ராஸில் ஒரு காலேஜ் பெண்ணிடம் கேட்டேன். அசையவில்லை ஆன்ட்டி என்றாள். அவள் பாதி நேரம் ஃபோனைப் பார்த்துக்கொண்டிருந்தாள், அவள் பேச்சை எப்படி எடுத்துக்கொள்வது? காஞ்சிபுரத்தில் ஒரு ரிட்டயர்ட் வாத்தியார், அவரும் அசையவில்லை என்றார். கண்ணில் புரை. நானே கேட்டுவிட்டேன், ஆபரேஷன் ஆனதா என்று. இன்னும் ஆகவில்லையாம். நேற்று இங்கே ஒரு புருஷன் பொஞ்சாதி. இரண்டு பேரும் ஒரே மாதிரி சொன்னார்கள். கூடிப் பேசி வைத்துக்கொண்டு சொன்ன மாதிரி இருந்தது. வெளியே வந்து கத்திவிட்டேன். உங்களைப் பார்த்தால் நிதானமானவராகத் தெரிகிறது. அதனால்தான்.

விளக்கை அணைத்துவிட்டான். நான் சொல்லவில்லை, படிவான் என்று? கண்ணாடியை ஒரு தடவை துடைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் மாட்டுக்கு எழுதியிருப்பதைப் படியுங்கள். இதில் எந்த விலங்கும் துன்புறுத்தப்படவில்லை என்று வருகிறதா? உண்மைதான். மாடு நன்றாக இருந்தது.

மேளம் ஆரம்பித்துவிட்டது. இது தெருமுனை. இது வீடு. இப்போது பெயர் வரும், எழுத்து வந்து நெஞ்சுக்குமேலே உட்காரும், அதற்குக் கீழே பாருங்கள். "தயாரிப்பு நிர்வாகம் ஜெயபாலன்" என்று வரும், அந்த எழுத்துக்குக் கீழேதான். இதோ ஓடிவருகிறேன். நான் கண்ணை மூடிக்கொள்கிறேன் தம்பி. என்னைப் பார்க்காதீர்கள். பின்னால் பாருங்கள், பின்னால்.

போய்விட்டதா?

சொல்லுங்கள். எதற்கு என் முகத்தைப் பார்க்கிறீர்கள், பார்த்ததைச் சொல்லுங்கள்.

அசையவே இல்லையா?

நன்றாகப் பார்த்தீர்களா? எழுத்து மறைத்ததே. மறைக்கவில்லையா. சரி. நீங்கள் பார்த்தது மாலையாக இருக்கும். அந்த மாலை கனம், மூன்று ஆள் சேர்ந்து தூக்கிப் போட்டது, அதற்குக் கீழே மூச்சு விட்டால் எப்படி வெளியே தெரியும்? அசந்து தூங்குகிறவருக்கு நெஞ்சு அவ்வளவாக ஏறி இறங்காது. நீங்கள் யாரையாவது பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறீர்களா? கல்யாணம் ஆகிவிட்டதா உங்களுக்கு? ஆகவில்லை. அதுதான்.

போகட்டும். சாயங்காலம் வக்கீலம்மாவுக்கு ஃபோன் போட்டு ஒன்றும் சரியாகத் தெரியவில்லை என்று சொல்லிவிடப் போகிறேன். ஆமாம், கேஸ் போகும். போனால் போகிறது. நாளைக்குத்தான் படத்தை எடுத்துவிடுகிறானே, அப்புறம் எவன் பார்க்கப் போகிறான்?

வக்கீலம்மாவிடம்கூட ஒன்று சொல்லவில்லை தம்பி. அந்த ஷாட் முடிந்து எல்லாரும் கைதட்டினார்களே, அப்போது நான் உடனே எழுந்திருக்கவில்லை. அவர் காலைப் பிடித்தபடியேதான் கிடந்தேன். பாதம் சூடாக இருந்தது. நல்ல சூடு. செத்தவர்கள் கால் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும், எங்கள் அம்மா காலைக் கழுவினவள் நான், கல் மாதிரி சில்லென்று இருந்தது. இது அப்படி இல்லை. சூடாக இருந்தது, முந்தின ராத்திரி மழைக் காட்சியில் ஊறின விரலிடுக்கெல்லாம் வெளுத்துக் காய்ந்திருந்தது. என் முந்தானையால் துடைத்துவிட்டேன். அவர் காலை இழுத்துக்கொள்ளவில்லை. எப்போதும் கூச்சம், தொட்டாலே இழுத்துக்கொள்வார், அன்றைக்கு அவ்வளவு அசதி.

நீங்கள் படத்தைப் பாருங்கள். எனக்கு பஸ்ஸுக்கு நேரமாகிறது. அப்போது அவர் இருந்தார் தம்பி. பக்கத்திலேயே இருந்தவள் நான், எனக்குத் தெரியாதா?